செவ்வாய், வெள்ளியில் வழுக்கும் நங்கூரம்

இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிச் செத்த முதல் துப்பறியும் உதவியாளர் என்று நாளைக்குப் பேப்பரில் தன் பெயர் வந்துவிடுமோ என்று தீனா உள்ளபடியே பயந்தான். பழவேற்காட்டுப் படகுத்துறையில் கெஞ்சி வாங்கிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இன்னொரு முறை இழுத்துக் கட்டினான். அவன் உட்கார்ந்திருந்த ஃபைபர் படகு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. பக்கத்திலேயே ஒரு அம்மாள் ஏரிக்குள் நடந்தபடி கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்ததால் வாய்விட்டுச் சிரிக்க முடியாமல், தீனாவைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்துவிட்டுப் போனாள்.

"மேடம், இந்தக் கேஸ்ல பொணம் எதுவும் இல்லன்னு சொல்லித்தானே என்னக் கூட்டினு வந்தீங்க?"

"இதுவரைக்கும் இல்ல. நீ இப்படியே பேசிகினு இருந்தீன்னா ஒண்ணு கெடைக்கும்" என்றாள் வளர்மதி, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

வளர்மதிக்கு மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் படகு படகாக ஏறிச் சேதம் பார்த்தவள். ஆள் பொய் சொல்வதையும் இயந்திரம் பொய் சொல்வதையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வாள். இப்போது அவள் முகத்துக்கு நேரே, படகின் முன்மூக்கில், குக்கர் அளவுக்கு உட்கார்ந்திருந்தது ஒரு நங்கூர வின்ச். பேட்டரியில் ஓடி, சங்கிலியைப் பல்சக்கரத்தில் சுற்றி, நங்கூரத்தைத் தூக்கவும் இறக்கவும் செய்கிற சமாசாரம். நெற்றியில் குங்குமப் பொட்டு வேறு வைத்துக்கொண்டு பரம சாதுவாக இருந்தது.

"பாக்கத்தான் சாது" என்றார் படகுக்காரர் உலகநாதன். "தோ பாருங்க மேடம், மோட்டார் சுத்துது, சத்தம் வருது, நங்கூரம் மட்டும் மேல வரமாட்டேங்குது. போட்டாலும் நிக்கமாட்டேங்குது, சங்கிலி பாட்டுக்குத் தானா ஓடுது. போன வெள்ளிக்கெழம முகத்துவாரத்துக்கிட்டப் போட்டுட்டு லேசாக் கண்ண மூடனேன். முழிச்சிப் பாத்தா தருமலிங்கம் வலைக்குள்ளப் படுத்துகினு கீறேன். உலகநாதனுக்கு நங்கூரம் போடத் தெரியலன்னு ஊரே சிரிக்குது."

"சங்கிலிய வின்ச்ச நம்பி விட்டுட்டுத் தூங்கக் கூடாதுங்க. ஒரு கயிறு போட்டுக் கட்டையில கட்டியிருக்கணும்."

"கட்டியிருக்கணும்தான்" என்று உலகநாதன் முணுமுணுத்தார். அதை ஒத்துக்கொள்வது அவருக்குப் பல் பிடுங்குவதுபோல இருந்தது. "ஆனா எங்க சின்ன சுதா போன மாசம் வரைக்கும் என்னக் கைவிட்டதில்ல."

தீனா பக்கத்தில் நின்ற உலகநாதனின் மகள் சுதாவைப் பார்த்தான். "உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இதுதான் அது" என்று சுதா வின்ச்சைக் காட்டினாள். "சின்ன வயசுல நைனாகூட நாந்தான் நங்கூரக் கயிறு இழுப்பேன். நான் மீஞ்சூர்ல வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் ஆள் இல்லாம ஒண்டியா இழுத்து தோள்பட்டையைக் கெடுத்துகினாரு. அப்பறம் காசிமேட்டுல பழைய சாமான் கடையில இத வாங்கினு வந்து, இனிமே இதான் சின்ன சுதான்னு பேரு வெச்சிட்டாரு."

அவர்களை வரவழைத்ததும் சுதாதான். அன்று மாலை அவளுக்கும் சுண்ணாம்புக்குளத்து வேணுவுக்கும் நிச்சயதார்த்தம். வேணு செவ்வாயும் வெள்ளியும் வேனோடு வந்து பழவேற்காட்டு நண்டை ஏற்றிக்கொண்டு போகிறவன். எல்லாம் கூடி வந்த நேரத்தில், போன வெள்ளிக்கிழமை காலையில் கையில் எண்ணெய்த் துணியோடு வேணு இந்த வின்ச்சின் மேல் குனிந்து நின்றதை உலகநாதன் பார்த்துவிட்டார். அன்றைக்குத்தான் படகு தருமலிங்கத்தின் வலைக்குள் போய்ப் படுத்தது.

"என்னடான்னு கேட்டா வாயத் தொறக்கல" என்றார் உலகநாதன். "அதுக்கு முந்திதான், கடலுக்குப் போனது போதும் மாமா, வீட்ல ரெஸ்ட் எடுங்கன்னான். யாருக்கு ரெஸ்ட்டு? வின்ச்சக் கெடுத்து என்னத் திண்ணையில குந்த வெக்கப் பாக்குறான். மதியச் சாப்பாட்டுக்குள்ள அவன் செய்யலன்னு நீங்க காட்டணும். இல்லன்னா தாம்பூலத் தட்டு வந்த வழியே போவும்."

சுதா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை தீனா கவனித்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு ஜோக் வரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது உடம்பு சரியில்லாததற்குச் சமம்.

"எல்லா நாளும் வழுக்குதா?" என்று வளர்மதி கேட்டாள்.

"அதான் மேடம் விஷயமே. செவ்வா, வெள்ளி மட்டுந்தான். ரெண்டு மூணு தபா ஏத்தி எறக்கினா மறுநாள் நல்லாப் புடிச்சிக்கும். அந்த ரெண்டு நாளும் யாரு வேன் வருதுன்னு நீங்களே யோசிங்க."

வளர்மதி யோசிக்கவில்லை. சங்கிலிக் கண்ணிகள் பல்சக்கரத்தின் பள்ளங்களில் கச்சிதமாக உட்காருகிறதா என்று விரலால் பார்த்தாள். உட்கார்ந்தது. பேட்டரி வயரை ஆட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. பிறகு சுதாவிடம், "ஸ்டிக்கர் பொட்டு வெச்சிருக்கியாம்மா?" என்றாள்.

"கேஸ் இப்போதான் சூடு பிடிக்குது. மேடம் மேக்கப் போடறாங்க" என்றான் தீனா. ஜோக் திரும்பி வந்ததில் அவனுக்கே நிம்மதி.

வளர்மதி ஒரு பொட்டை வின்ச்சின் உச்சி மூடியிலும் இன்னொன்றை அதற்கு நேர் கீழே பல்சக்கரத்திலும் ஒட்டினாள். உலகநாதனை ஸ்விட்சை மிதிக்கச் சொன்னாள். மோட்டார் உறுமியது. மேல் பொட்டு ராட்டினம் சுற்றியது. கீழ்ப் பொட்டு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எங்க ஹவுஸ் ஓனர் மாதிரி" என்றான் தீனா. "மேல ஒரே சத்தம், கீழ ஒரு வேலையும் நடக்காது."

"சரியாச் சொன்ன. மோட்டார்ல கோளாறு இல்ல, சங்கிலியிலயும் இல்ல. நடுவுல ரெண்டு கூம்புத் தட்டு ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிகினு சுத்தணும். அதுதான் கிளட்ச்சு. பிடி அங்கதான் விட்டுப்போச்சு." மூடியின் ஓரத்தில் கசிந்திருந்ததைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்து மடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சுதாவின் அம்மா கஸ்தூரி, டிபன் கேரியரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தாள். "யாருமே நாஷ்டா துன்னலையா?" என்று ஆளாளுக்கு அதட்டினாள். போகிற போக்கில் வின்ச்சின் மேல் கையை வைத்துப் பார்த்து, "பாவம், எப்பிடிக் கொதிக்குது பாரு வெயில்ல" என்றாள். தீனா கேரியரைத் திறப்பதற்குள் வளர்மதி அவன் ஜாக்கெட் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

வேணுவின் வேன் மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. கொடுக்கு கட்டிய நண்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த வேணு, ஆரஞ்சு ஜாக்கெட்டோடு தரையில் நடந்து வரும் தீனாவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று தீனா அப்போதே முடிவு கட்டினான். துப்பறியும் தொழிலில் அப்படி முடிவு கட்டக் கூடாது என்று வளர்மதி பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"போன வெள்ளிக்கெழம அந்தப் படகுல இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம்."

"கையில துணி?"

"இருந்திச்சி."

"இன்னா பண்ணீங்க?"

"அத சொல்ல மாட்டேன்."

தீனா வளர்மதியின் காதருகே குனிந்தான். "குத்தவாளிங்க வழக்கமா நான் அங்க இல்லவே இல்லம்பாங்க. இவரு பாதியக் குடுத்துட்டு மீதியப் பார்சல் கட்டி வெச்சிகினு இருக்காரு."

வளர்மதி கண்ணைக் காட்டினாள். தீனா வேன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஒரு எண்ணெய் டின் வந்தது. அதோடு சுருட்டி வைத்த ஒரு துணியும் வந்தது.

"கேஸ் முடிஞ்சிது மேடம். மதியச் சாப்பாட்டுக்கு மீஞ்சூர் போயிடலாம்."

வளர்மதி டின்னுக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் கறுப்பாக வந்தது. கைக்குட்டையை விரித்தாள். அதில் இருந்த கறை தேன் நிறம். "இது வண்டிக்கு ஊத்துற ஆயில். அங்க கசிஞ்சது வேற. துணிய மோந்து பாரு."

அது பழைய பருத்திப் புடவையின் கிழிசல். தீனா முகர்ந்தான். காலையிலிருந்து காலியாகக் கிடந்த அவன் வயிறு ஒரு சத்தம் போட்டது. "மேடம், சிரிக்கக் கூடாது. ரசம் வாசனை வருது. மிளகு, சீரகம் எல்லாம்."

"சிரிக்கல. உன் வயிறு இன்னைக்குத்தான் சம்பளத்துக்கு வேலை செஞ்சிருக்கு."

வேணுவின் முகம் வெளுத்துவிட்டது. துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "இதுக்கு மேல நோண்டாதீங்க. நான்தான் வின்ச்சக் கெடுத்தேன். மாமாகிட்டப் போயிச் சொல்லிடுங்க. நிச்சயதார்த்தம் நின்னாலும் பரவால்ல."

"கேஸ் மறுபடியும் முடிஞ்சிது" என்றான் தீனா. ஆனால் இந்த முறை குரலில் சுரத்து இல்லை.

"எப்படிக் கெடுத்தீங்க?" என்று வளர்மதி கேட்டாள்.

"அடியில இருக்குற போல்ட்ட லூசு பண்ணேன்."

"அதுக்கு அடியில போல்ட்டே இல்ல வேணு. எதத் திருகணும்னு தெரியாதவரு எதையும் கெடுக்கல. செய்யாத குத்தத்த ஒத்துக்கறீங்கன்னா யாரையோ காப்பாத்தறீங்க. வாங்க படகுக்கு. நீங்க பேச வேணாம், அந்த வின்ச்சே பேசட்டும்."

ஆறு பேரும் அந்தச் சின்னப் படகில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உலகநாதன் வேணுவுக்கு முதுகைக் காட்டி நின்றார். சுதா யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். கஸ்தூரி கேரியரைத் திறந்து தீனாவின் கையில் ஒரு இட்லியைத் திணித்தாள். வளர்மதி வின்ச்சின் உச்சித் துளையில் கைப்பிடியைச் செருகித் திருகி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கூம்புத் தட்டை வெளியே எடுத்தாள். அது அபிஷேகம் ஆன சிலையைப்போல மினுமினுத்தது.

"இத்தனை எண்ணெய் இருந்தா எப்படிப் பிடிக்கும்? மத்த இடம் எல்லாம் எண்ணெய் கேக்கும். கிளட்ச்சு மட்டும் கேக்காது." தட்டின் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு கறுப்பு உருண்டையை நகத்தால் எடுத்து நீட்டினாள். "தீனா, இது என்னன்னு பாரு."

"வெடிமருந்தா?"

"கடிச்சிப் பாரு."

கடித்தான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்த வாயில் சுரீரென்றது. "மிளகு மேடம். நல்ல காரம்."

உலகநாதன் மொத்தமாகத் திரும்பினார். "என் வின்ச்சுல எவன் ரசம் வெச்சான்?"

"ரசம் இல்லீங்க. உங்க வீட்ல தலைக்கு நல்லெண்ணெய் காய்ச்சினா உள்ள இன்னா போடுவாங்க?"

"மிளகு, சீரகம். சளி புடிக்காம இருக்க."

"சரி. நீங்க எண்ணெய் தேச்சிக் குளிக்கிறது எந்த நாளு?"

"ஆம்பளைங்க புதன், சனி. இது யாருக்குத் தெரியாது?"

"பொம்பளைங்க?"

"செவ்வா, வெள்..." உலகநாதனின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

எல்லோரும் மெல்லத் திரும்பி கஸ்தூரியைப் பார்த்தார்கள். கஸ்தூரி டிபன் கேரியர் மூடியால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"போன மாசம் இத சர்வீஸ் பண்ண மெக்கானிக்குதானே சொன்னாரு" என்றாள் மூடிக்குப் பின்னாலிருந்து. "வாரத்துல ரெண்டு நாளு எண்ணெ வெச்சிடுங்கன்னாரு. சின்ன சுதான்னு பேரு. பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு நாளுன்னா வேற எந்த நாளாம்? நீங்க டீ குடிக்கப் போற நேரத்துல வந்து, தோ அந்த உச்சித் துளையில ஒரு கை எண்ணெ வெச்சி, பொட்டு வெச்சிட்டுப் போவேன்."

"அவரு சொன்னது அச்சாணிக்கும்மா. ஒரு சொட்டு" என்றாள் வளர்மதி.

"அப்ப மிளகு?" என்றார் உலகநாதன் பலவீனமாக.

"ராவும் பகலும் உப்புக் காத்துல நிக்குதே, அதுக்குச் சளி புடிச்சிக்காதா?"

தீனாவால் அதற்கு மேல் முடியவில்லை. சிரித்த சிரிப்பில் இட்லி புரையேறி, கால் இடறி, ஜாக்கெட்டோடு ஏரிக்குள் விழுந்தான். தண்ணீர் இடுப்பு வரைதான் இருந்தது. எழுந்து நின்று, மிதக்கும் இட்லியைச் சோகமாகப் பார்த்தபடி, "சளியும் பிடிக்கல, நங்கூரமும் பிடிக்கல" என்றான்.

சுதா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. ஆனால் அவள் அம்மா சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க" என்றாள் கஸ்தூரி. "இவளுக்கு வெக்கலாம்னா தலையக் குடுக்க மாட்டேங்குறா. ட்ரெயின்ல போறேன், பிசுபிசுன்னு ஆயிடும்னு சொல்லிட்டு ஓடிடுறா. சின்னதுல செவ்வா வெள்ளி ஆனா என் மடியில குந்திகினு ஊர்க்கதை பூரா பேசுவா. கை பழகிப்போச்சி. அந்தக் கைய நான் எங்க வெப்பேன்? இது ஓடாம நின்னுகினு இருந்திச்சி, வெச்சேன். இன்னைக்கி நிச்சயம் ஆயிட்டா, அப்பால இவ தலை எங்க, நான் எங்க."

தண்ணீரில் நின்ற தீனா கண்ணைத் துடைத்துக்கொண்டான். புரையேறியதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இட்லியும் இல்லை.

வேணுதான் முதலில் வாயைத் திறந்தான். "போன வெள்ளிக்கெழம அத்தை இதுகிட்டப் பேசிகினே எண்ணெ வெச்சதப் பாத்தேன் மாமா. சொன்னா நீங்க அவங்களத் திட்டுவீங்க, ஊரு சிரிக்கும். அதான் அவங்க போனப்பறம் ஏறி வெளிய வழிஞ்சத மட்டும் தொடச்சேன். உள்ள எறங்கினது எனக்குத் தெரியாது."

"அதுக்காகக் கல்யாணத்தையே விட்டுடுவியா நீ?" என்று சுதா அவன் கையில் ஒரு அடி போட்டாள். அடித்த கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

உலகநாதன் தன் மனைவியைப் பார்த்தார். வின்ச்சைப் பார்த்தார். தருமலிங்கத்தின் வலை இருந்த திக்கையும் ஒரு முறை பார்த்தார். திட்டுவதற்குத்தான் மூச்சை இழுக்கிறார் என்று தீனா தண்ணீரில் இரண்டடி பின்வாங்கினான்.

"எண்ணெ வெச்சியே கஸ்தூரி" என்றார் உலகநாதன். "சீயக்கா போட்டியா?"

கஸ்தூரி மூடியை இறக்கினாள். "இல்ல."

"பாதிக் குளியல்ல எழுப்பி விட்டா எந்தப் பொண்ணுக்கு வேலை ஓடும்? போயி எடுத்துகினு வா."

"நியாயமாப் பார்த்தா தின்னர் போட்டுத் துடைக்கணும்" என்றாள் வளர்மதி. பிறகு தோளைக் குலுக்கினாள். "எண்ணெய எடுக்கிறதுன்னா சீயக்காயும் மோசமில்ல."

வீட்டிலிருந்து சீயக்காய்த் தூளும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் வந்தன. கூம்புத் தட்டுகளை வேணு தேய்த்தான், உலகநாதன் அலசினார். புடவைக் கிழிசலின் சுத்தமான முனையால் வளர்மதி துடைத்து வெயிலில் காயவைத்தாள். துளியும் ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகு பழையபடி மாட்டி இறுக்கினாள். சுதா புதிதாக இரண்டு பொட்டு ஒட்டினாள், ஒன்று மேலே, ஒன்று கீழே.

உலகநாதனின் கால் ஸ்விட்ச் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "மாப்ள" என்றார் ஏரியைப் பார்த்துக்கொண்டே. "நீ மிதி."

வேணு இப்படியும் அப்படியும் பார்த்தான். அந்தச் சொல் தனக்குத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மிதித்தான். இரண்டு பொட்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சுற்றின. சங்கிலி கடகடவென்று ஏற, ஏரிச் சேற்றை அப்பிக்கொண்டு நங்கூரம் மேலே வந்தது. தீனா தண்ணீரில் நின்றபடியே கையைத் தட்டினான். தூரத்தில் இறால் தடவிக்கொண்டிருந்த அம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போது வாய்விட்டே சிரித்தாள்.

கஸ்தூரி, காலையில் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மிச்ச எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். சுதா அவள் வழியை மறித்து, பலகையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்கென்று காலையிலேயே வாரி முடித்த பின்னலை அவிழ்த்துப்போட்டாள்.

"வெச்சி வுடும்மா. இன்னைக்கி வெள்ளிக்கெழம தானே."

"நிச்சயதார்த்தத்துக்குத் தலை பிசுபிசுன்னு இருக்கும்டி."

"இருக்கட்டும்."

கஸ்தூரியின் கை மகளின் உச்சந்தலையில் பதிந்தது. அது அங்கேயே கொஞ்ச நேரம் தேய்க்காமல் இருந்தது. பிறகு தேய்க்கத் தொடங்கியது. சுதா கண்ணை மூடிக்கொண்டு ரயிலில் நடந்த ஏதோ கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

உலகநாதன் அதைப் பார்த்தபடி மெல்ல நகர்ந்து வந்து, வலிக்கிற தோளைக் கஸ்தூரியின் பக்கம் சாய்த்தார். "கிண்ணத்துல இன்னும் கொஞ்சம் இருந்தா, தோ இங்கயும்..."

கஸ்தூரி கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"நாளைக்கிச் சனிக்கெழம. அதான் உங்க நாளு."